மேனேஜர் ரூம் மீன்கள்

மீன்தொட்டி இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் கண் மீன் மேல் போகும். எனக்குக் காது மோட்டார் மேல் போகும். அது ஓடுகிறதா என்று தெரிந்த பிறகுதான் செருப்பையே கழற்றுவேன். இப்போது வருகிற மோட்டார்களில் சத்தமே இல்லை, அதனால் குமிழி வருகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மருமகளுக்கு இது பெரிய வேடிக்கை. "அத்தை மீனைப் பாக்க வரல, கரண்டைப் பாக்க வந்திருக்காங்க" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்கு எங்கள் லைன் வீடும் தெரியாது, எங்கள் அப்பாவையும் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். முதல் சங்குக்கு எழுந்து, அடுத்த சங்குக்குள் குளித்து, கம்பெனிச் சங்கையே கடிகாரமாக வைத்துக்கொண்டு ஓசூரில் வளர்ந்த செட்டு நாம். லாக்அவுட் என்ற வார்த்தையை வாய்ப்பாட்டுக்கு முன்னால் கற்றுக்கொண்டவர்கள். கம்பெனிக்காரர்களே கேட்டைப் பூட்டிவிட்டுத் தொழிலாளியை வெளியே நிறுத்திவிடுவது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்ததும் அம்மாக்களின் முகம் எப்படி மாறும் என்பதை எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் லைனில் இடது பக்கம் கன்னட வீடு, எதிரே தெலுங்கு பேசும் வீட்டுக்காரம்மா, நடுவில் நாங்கள். கொஞ்சுவதற்கு அவரவர் பாஷை, சண்டைக்கு மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவோம். அப்பாவுக்குச் சூளகிரிப் பக்கம் ஊர். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களை எடுத்தே காலம் தள்ளியவர்கள். எங்கள் வகையறாவில் முதன்முதலில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குள் போனவர் அப்பாதான். டிராக்டருக்குப் பல்சக்கரம் வெட்டும் கம்பெனி. அதில் அவர் ஒரு மெஷினுக்கு ஆபரேட்டர். 'என் மெஷின்' என்றுதான் சொல்வார். அம்மாவை ஒருநாளும் 'என் பொண்டாட்டி' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் போனஸ் பேச்சு முறிந்து, ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒருநாள் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்பா பகலிலேயே வந்தார், சைக்கிளைத் தெருமுனையில் விட்டுவிட்டு ஒரு காய்கறித் தள்ளுவண்டியோடு. வண்டியில் கோணிமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. பக்கத்தில் மூடி போட்ட எண்ணெய் டின். டின்னைத் திறந்தால் உள்ளே நான்கு மீன்கள். மூன்று ஆரஞ்சு நிறத் தங்க மீன்கள். நான்காவது கன்னங்கரேலென்று, கண் இரண்டும் வெளியே பிதுங்கி, வால் நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் அதுவரை மீன் என்று பார்த்ததெல்லாம் சந்தையில் கருவாடும், அணையிலிருந்து வந்த கெண்டையும்தான். மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உப்பு மஞ்சள் தடவாமல் வைத்துப் பார்ப்பார்கள் என்பதே எனக்குப் புதிது.

"இது யாரு வூட்டு மீனு?" என்று அம்மா கேட்டாள்.

"மேனேஜர் ரூம் மீனு" என்றார் அப்பா. "உள்ள எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. நான் கடைசியா வெளிய வந்துட்டிருந்தேன். மேனேஜர் கூப்புட்டாரு. 'கம்பெனி தொறக்கற வரைக்கும் பாத்துக்கப்பா, தொறந்ததும் கொண்டாந்துடு'ன்னாரு."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? தொறந்ததும் கொண்டாந்துடுன்னா என்ன அர்த்தம்? என்னை உள்ள எடுத்துக்குவாங்கன்னுதானே அர்த்தம்?"

அம்மா குனிந்து டின்னுக்குள் மறுபடி பார்த்தாள். அப்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். கம்பெனி திறக்குமா, திறந்தால் யாரை எடுப்பார்கள், யாரை விடுவார்கள் என்று தெருவே தவித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அப்பாவுக்கு மட்டும் கையில் உயிருள்ள உத்தரவாதம் இருந்தது. இந்த நான்கும் பிழைத்திருந்தால் தன் வேலையும் பிழைத்திருக்கும். அன்று முதல் அப்படித்தான் அவர் நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

தொட்டியை டிரங்குப் பெட்டிமேல் வைத்தோம். அடியில் நீலக் கற்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நீச்சல்காரன் பொம்மை. மோட்டாரை மாட்டினால் பொம்மையின் வாயிலிருந்து குமிழி குமிழியாக வரும். மோட்டார் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. கொர்ரென்று நாள் பூராவும் ஒரே சத்தம். அதைப் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா குறட்டை என்றாள். அப்பாவுக்கோ அது தாலாட்டு. கம்பெனிக்குப் போகாத நாட்களில் காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று தலையைத் தலையை உதறிக்கொண்டிருந்தவர், மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதன் கீழே பாய் விரித்துப் படுத்துத் தூங்கினார்.

சங்கத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? "நாம கேட்டுக்கு முன்னால பந்தல் போட்டு உக்காந்திருக்கோம், இவரு மேனேஜருக்கு மீன் மேய்க்கறாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அப்பா பந்தலுக்குப் போகாமல் இருந்ததில்லை. கோஷம் போட்டுவிட்டு, தொண்டை கட்டிப்போய் வந்து மீனுக்குத் தண்ணீர் மாற்றுவார். அவருக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

முதலில் சாப்பாட்டுக்குத்தான் திண்டாட்டம். மேனேஜர் கொடுத்தனுப்பிய டப்பாவில் சிவப்புக் குருணை இருந்தது. ஒரு மாதிரி கருவாட்டுத் தூள் வாடை. அது தீர்ந்துபோனது. அம்மா, "நாம தின்றதைத் தின்னட்டும்" என்று களியை மிளகு அளவுக்கு உருட்டிப் போட்டாள். மீன்கள் விழுங்கின, துப்பின, மறுபடி விழுங்கின. மறுநாள் தொட்டித் தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கிவிட்டது. அப்பா அன்று அம்மாவைத் திட்டியதைப் போல எதற்கும் திட்டியதில்லை. அம்மாவும் விடவில்லை. "பெத்த புள்ளைக்கு அதேதான் போடறேன், அதுக்கு ஒண்ணும் சொல்லக் காணோம்" என்றாள்.

பிறகு கொசுப்புழு பிடித்தோம். தெருக்குழாய் பக்கத்தில் தண்ணீர் தேங்கிய டிரம்களில் நெளிந்துகொண்டிருக்கும். அம்மாவின் டீ வடிகட்டியை எடுத்துப்போய் நான் அரித்துக்கொண்டு வருவேன். தொட்டியில் தட்டினால் போதும், கறுப்பு மீன் முதலில் பாயும். அந்த வடிகட்டியை அதற்குப்பின் அம்மா சமையலறைக்குள் விடவே இல்லை. முந்தானை ஓரத்தில் டீ வடிகட்டினாள். எத்தனை நாளுக்கு அப்படி வடிகட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. புது வடிகட்டி வாங்கு என்றும் அவள் சொல்லவில்லை. சம்பளம் வராத வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டிமுன் உட்கார்ந்துவிடுவேன். வெளியே ஓசூர்ச் சாரல் நசநசவென்று பெய்துகொண்டிருக்கும். உள்ளே மோட்டார்ச் சத்தம். கறுப்பு மீன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். விரலை நகர்த்தினால் கூடவே வரும். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சிரித்த முகத்தோடு இருந்தது அது ஒன்றுதான். அப்பாவும் பக்கத்தில் வந்து குந்துவார். "பாப்பா, நல்லா இருக்குதில்ல? எளைக்கலையில்ல?" என்று என்னிடம் கேட்பார். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். நான், "குண்டாயிருக்குதுப்பா" என்பேன். அவருக்கு அன்றைக்கு அது போதும்.

அப்படியே ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்கெல்லாம் பொரி பொட்டலமும் லட்டும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அப்பாவின் மெஷின் நினைவுக்கு வரும். அன்று ஒருநாள் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் பூசி, பட்டனுக்குப் பட்டன் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருப்பார். என் நெற்றியில் அம்மா அவ்வளவு நேர்த்தியாகப் பொட்டு வைத்ததில்லை. சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும் மெயினை இறக்குவார்கள். அவ்வளவு பெரிய கொட்டகை ஒரே நொடியில் ஊமையாகிவிடும். அதன்பிறகு லீவு முடிந்து மறுபடி சூடம் காட்டி ஸ்விட்ச் போடும்வரை யாரும் மெஷினைத் தொடக் கூடாது. வருஷம் முழுக்க உழைக்கிறது, அதற்கு ஒருநாள் ஓய்வு. "பூஜைக்கு அப்புறம் ஒரே ஒரு பீஸ் ஓட்டிக்கறேன்னு போனான் ஒருத்தன். நடுவெரல் போயிருச்சு" என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அதைச் சொல்லும்போது தன் நடுவிரலைத் தடவிக்கொள்வார்.

அந்த வருஷம், ஒரு மணி நேரம் உள்ளே விடுங்கள், மெஷினுக்குப் பொட்டு மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று தொழிலாளிகள் கேட்டார்கள். விடவில்லை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் பூசணிக்காயை உடைத்துவிட்டுக் கலைந்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்தபோது கையில் குங்குமக் கறை காயவில்லை. "என் மெஷினு அழுக்கோட நிக்குது" என்றார். யார் வீட்டிலோ சாவு விழுந்த மாதிரி சொன்னார்.

கையைக்கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினார். வீட்டில் இருந்த கம்பெனிப் பொருள் அந்தத் தொட்டியும் மோட்டாரும்தானே? மீன்களை எண்ணெய் டின்னுக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவினார். கற்களைத் தனித்தனியாகத் தேய்த்தார். புதுத் தண்ணீர் பிடித்து நிரப்பினார். மோட்டாரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, சந்தனம் பூசி, நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்தார். சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பேனர், என் புத்தகங்கள், அவற்றுக்கெல்லாம் நடுவில் அந்த மோட்டார் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அது ஓடலேன்னா மீனு மூச்சு வுடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"கம்பெனியில வருஷா வருஷம் மெயினை எறக்கறோம். மேனேஜர் ரூமுக்கு மட்டும் கரண்டு வானத்துலருந்தா வருது? அப்ப செத்தா போச்சு?"

அம்மாவுக்கு அதற்குமேல் என்ன தெரியும்? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மெஷினைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாததா?

பூஜைக்கு லைன் முழுக்க வந்தது. அப்பா அன்று சட்டை மாற்றி, வந்தவர்களுக்கெல்லாம் பொரி கொடுத்தார். கன்னடத்து அக்காவின் பிள்ளைகள் மீனுக்கும் பிரசாதம் என்று தொட்டிக்குள் பிடி பிடியாகப் பொரி போட்டார்கள். பொரி மிதந்தது, ஊறியது, மீன்கள் கொத்தின. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா காதைப் பிடித்துக்கொண்டு, "ஹம்மய்ய, இன்னிக்காச்சும் அந்தக் கொர்ரு கொர்ரு இல்ல" என்றாள். லாக்அவுட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்பு கேட்டது அன்றுதான். படுக்கப்போகும்போது அப்பா தொட்டியைப் பார்த்துவிட்டு, "அதுங்களும் நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

விடிந்ததும் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து, சூடம் ஏற்றி, மோட்டாரை மறுபடி மாட்டப் போனார். நான் பாயில் படுத்திருந்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவைத்தான் கூப்பிட்டார், "இந்தா, இங்க வந்து பாரு" என்று, ரொம்ப மெதுவாக. ஆரஞ்சு மீன்கள் மூன்றும் ஊறிப்போன பொரிக்கு நடுவில் பக்கவாட்டில் மிதந்தன. கறுப்பு மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மோட்டாரைப் போட்டார். குமிழி வந்தது. மீன் அதற்குக் கிட்டே போகக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்தது. அம்மா ஒரு சொம்பை எடுத்துவந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள், டீ ஆற்றுகிற மாதிரி. "காத்து எறங்கட்டும், காத்து எறங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அவள் கை வலித்தபோது அப்பா வாங்கினார், அவர் கை வலித்தபோது நான் வாங்கினேன். விஜயதசமிக்கு வேறெந்த வீட்டிலும் இப்படி ஒரு பூஜை நடந்திருக்காது. நடுவில் ஒருமுறை மீன் நிமிர்ந்து அரைச்சுற்று நீந்தியது. அப்பா, "பாப்பா, பாத்தியா, பாத்தியா" என்றார். சாயங்காலம் அது அடியில் போய்க் கற்கள்மேல் படுத்துக்கொண்டது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அப்பா அழுதார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு மீன் போன துக்கம் அதிலேயே அடித்துக்கொண்டு போய்விட்டது. அம்மா சொம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

தீபாவளி முடிந்த கையோடு அப்பாவின் கூட்டாளி ஒருவர் சைக்கிளில் வந்தார். பக்கத்து மெஷின் ஆபரேட்டர். பேச்சுவார்த்தை முடிந்து கேட் திறந்துவிட்டதாம். பழைய ஆட்கள் எல்லோருக்கும் இடமில்லை, மேனேஜரை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களை வரிசையாக உள்ளே எடுக்கிறார்கள். "நாளைக்குக் காலையில என்கூட வந்துரு. லேட் பண்ணா போச்சு" என்றார்.

அப்பா காலித் தொட்டியைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். கூட்டாளி கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஆபீஸ் பக்கம் தனி கரண்டு லைனாச்சே. பூஜைக்கு நாம எறக்கறது மெஷின் ஓடற ஷாப்போட மெயினு. மேனேஜர் ரூம் மீனுக்கு அன்னிக்கும் மோட்டாரு ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்றார்.

அத்தனை வருஷம் வேலை செய்த கம்பெனியில் அப்பா ஆபீஸ் பக்கம் போனதே மீனை எடுக்கத்தான். அங்கே கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன் மெஷின் நின்றால் உலகமே நிற்கிறது என்று நினைத்திருக்கிறார். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த ஆபீஸ் லைன் மேல்தான் கோபம் வருகிறது. கோபப்பட வேறு யார் இருக்கிறார்கள்?

கூட்டாளி போனதும் அம்மா கெஞ்சினாள். "நாளைக்குப் போங்க. மீனு செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. தலையவா எடுத்துடுவாரு? அவரும் மனுஷன்தானே?"

"ஒரு மோட்டாரை நம்பிக் குடுத்தாரு. அதைப் பாத்துக்கத் தெரியாதவன் கையில மெஷினைக் குடுப்பாரா? எந்த மூஞ்சியோட போயி நிக்கறது?"

"மூஞ்சி இருக்கட்டும். வயிறு இருக்குதுல்ல?"

அவர் கேட்கவில்லை. அதே மாதிரி மீன் வாங்கி விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். விடிந்ததும் பெங்களூர் பஸ் ஏறினார். ஆரஞ்சு மீன் மூன்றும் முதல் நாளே கிடைத்துவிட்டன. கறுப்பும் கிடைத்தது, ஆனால் வால் நுனியில் வெள்ளை இல்லை. அதை அவர் வாங்கவில்லை. மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். சிவாஜிநகர், சிட்டி மார்க்கெட் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். கன்னடம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனாலும் 'வால் நுனியில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி' என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் கூட்டாளியின் பெண்டாட்டி வந்து, இன்று இன்னாரை எடுத்துக்கொண்டார்கள், இன்று இன்னாரை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். கடைசியில் ஒருநாள் அப்பா பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் ஓடிவந்தார். உள்ளே அதே கறுப்பு, அதே உருட்டுக்கண், வாலில் அதே வெள்ளை. நானே ஏமாந்துபோனேன். செத்தது திரும்பி வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு என்னை மட்டம் போடச் சொல்லி, ஆட்டோவில் தொட்டியைப் பிடித்துக்கொள்ள அழைத்துப்போனார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நீலப் பேண்ட். கேட்டில் வாட்ச்மேன் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். மேனேஜர் காரில் ஏற வெளியே வந்தார். அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. சாதுவான ஆள். அப்பா வணக்கம் வைத்து, "சார், டேங்க் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

"என்ன டேங்க்?"

"மீனு சார். உங்க ரூம்ல இருந்தது. பாத்துக்கச் சொன்னீங்களே."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா. உங்கிட்டயா குடுத்தேன்? அந்த எடத்துல இப்ப பீரோ போட்டாச்சேப்பா." பிறகு அப்பாவின் முகத்தை மறுபடி பார்த்து, "நீ ஏன் வரவே இல்ல? வேற எங்கயோ சேந்துட்டேன்னு நெனச்சோம். உன் மெஷின்ல ஆள் போட்டாச்சே" என்றார்.

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் என் பக்கம் குனிந்து, "மீன் நீயே வெச்சுக்கறியா பாப்பா?" என்று கேட்டார். நிஜமான பிரியத்தோடுதான் கேட்டார்.

"மீனை ஒருவாட்டி பாருங்க சார்" என்றார் அப்பா.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லா இருக்குதுல்ல? சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வாலில் வெள்ளை இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை.

தொட்டியை வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டார் அப்பா. அதில் அவர் கோழிக்குஞ்சு வளர்த்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மீன்களைக் கவரில் ஊற்றி எடுத்துக்கொண்டு நடந்தே ராமநாயக்கன் ஏரிக்கு வந்தோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பேண்டோடு ஏரிக்குள் இறங்கினார். முழங்கால்வரை தண்ணீர். கவரைச் சாய்த்தார். ஆரஞ்சு மீன்கள் கொஞ்ச தூரம் தெரிந்தன. கறுப்பு உடனே மறைந்துவிட்டது. கரைக்கு ஏறி என் பக்கத்தில் நின்று, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் பேசாத" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டார். "மேனேஜர் மீனைப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டாரு. இப்ப எடமில்லையாம். காலியானா மொதல்ல உன்னைத்தான் கூப்புடுவேன்னாரு."

அம்மா அவரையே பார்த்தாள். "அப்பிடிச் சொன்னாரா? அப்ப கூப்புடுவாரு" என்றாள். "கை கால் கழுவிட்டு வாங்க, களி ஆறிடப் போவுது."

அப்பா அதற்குப்பின் பேட்டரிக்கும் பம்ப்செட்டுக்கும் என்று ஏதேதோ சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை செய்தார். எங்கும் நிலைக்கவில்லை. எந்த மெஷினையும் 'என் மெஷின்' என்று சொல்லவும் இல்லை. அம்மா மட்டும் லைனில் யார் கேட்டாலும், "மேனேஜரு கூப்புடறேன்னிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குந்தாரப்பள்ளியிலிருந்து மாமா வந்து, குடும்பத்தோடு அங்கே வந்துவிடுங்கள், சந்தையில் கடை போட்டுத் தருகிறேன் என்று கூப்பிட்டபோதும், "கம்பெனியிலருந்து ஆளு வந்தா நாங்க இங்க இருக்க வேணாமாண்ணா?" என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு அம்மா மேல் அப்படி ஓர் ஆத்திரம் வரும். இவ்வளவு வெள்ளந்தியாக ஒருத்தி இருப்பாளா என்று. உண்மை தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருக்க, ஒன்றும் தெரியாத இவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே என்று. கல்யாணமாகிப் போனபின்னும் அந்த ஆத்திரம் எனக்குப் போகவில்லை.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் ஏதோ பேச்சில், இனி மறைத்து யாருக்கு லாபம் என்று, அன்று நடந்ததை அவளிடம் சொன்னேன். மேனேஜர் மீனைப் பார்க்கவே இல்லை, கூப்பிடுவதாகவும் சொல்லவில்லை, மீனை ஏரியில் விட்டோம் என்று.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்டி" என்றாள். "முட்டி வரைக்கும் ஏரிச்சேறோட வந்தாரு. அந்தப் பேண்டை நான்தானே தொவச்சேன்? மேனேஜர் ரூம்ல ஏது சேறு?"

"அப்புறம் எதுக்கும்மா கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்த?" என்று கேட்டேன்.

"அவரு வாயிலருந்து வந்துருச்சே. நானும் நம்பலேன்னா அந்த மனுஷன் எந்த வூட்டுக்குத் திரும்பி வருவாரு?"